லூமென் கூடினால் ஒளி தூரம் போகுமா?

"ஒரே அளவு டார்ச்சுகளில் லூமென் கூடியதுதான் தூரம் அடிக்கும்" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் படங்களோடு சுற்றும் தகவல் தவறு. லூமென் மொத்த வெளிச்சம். தூரத்துக்குக் கணக்கு கேண்டெலா, அதாவது ஒரே திசையில் ஒளி எவ்வளவு செறிவாகப் போகிறது என்ற அளவு. 10,000 கேண்டெலாவுக்கு வீச்சு 200 மீட்டர் (அந்தத் தொலைவில் நிலா வெளிச்சம் அளவே மிஞ்சும்). 400 மீட்டருக்கு 40,000 வேண்டும். ஆழமான, வழவழப்பான ரிஃப்ளெக்டர் (பல்பைச் சுற்றியுள்ள பளபளப்பான கிண்ணம்) ஒளியை நடுவில் குவிக்கும்; சொரசொரப்பானது பரப்பும்.

இரண்டு டார்ச்சுகளை ஒப்பிட வளவின் (செட்டிநாட்டு வீட்டின் உள்முற்றப் பகுதி) நீளமே போதும். ஆனால் செட்டிநாட்டுச் சுவரின் மெருகு கண்ணைக் கூசவைத்து ஏமாற்றும். சுவரின் மேல் வெள்ளை வேட்டியைத் திரைபோலக் கட்டுங்கள். முழு சார்ஜில், 5 மீட்டர் தள்ளி, எரியவிட்டு 30 வினாடி கழித்துப் படமெடுங்கள். மொபைலில் எக்ஸ்போஷரை (கேமரா எடுத்துக்கொள்ளும் ஒளியின் அளவை) பூட்டாவிட்டால் மங்கலான டார்ச்சும் பிரகாசமாகத் தெரியும். அந்த வைரல் படங்களின் கோளாறும் இதுவாக இருக்கலாம்.