பழகும் மாதங்களுக்கு யார் சம்பளம் தருவது?

சேலம் அம்மாப்பேட்டையில் சின்னதாக ஒரு தையல் கடை வைத்திருக்கிறேன். நானும் ஓர் உதவியாளரும்தான். மூன்று மிஷின்.

போன தை மாதம் ஏற்காட்டிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்தாள். கணவர் இல்லை, ஒரு பையன். மாதம் 1,200 ரூபாய் விதவை உதவித்தொகை. கார்த்திகை, மார்கழியில் எஸ்டேட்டில் காப்பிப் பழம் பறிப்பாள், மற்ற நாளில் நூறு நாள் வேலை. இலவசப் பயிற்சியில் வாங்கிய தையல் சான்றிதழை, மடங்காமல் பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

ஒரு ஜாக்கெட்டைக் கொடுத்துப் பார்த்தேன். நேர்த்தையல் அருமை. கழுத்து வளைவுக்கு வந்ததும் பட்டி இழுத்துக்கொண்டு சுருக்கம் விழுந்தது. பிரித்து மறுபடி தைத்தாள், மறுபடியும் சுருக்கம். இது கைப்பழக்கம். எனக்கே வர ஒரு வருடம் ஆனது. அவளுக்கு இரண்டு மாதம் போதும் என்று தோன்றியது.

ஆனால் பழகும்வரை தைத்துக் கொடுத்த எண்ணிக்கைக்குத்தானே கூலி? இரண்டு வாரம் இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி வந்தாள். "பஸ்ஸுக்கும் டீக்கும் போக ஒன்றும் நிற்கவில்லை அக்கா" என்றாள். பிறகு வரவில்லை. முழுச் சம்பளம் தந்திருக்கலாமே என்பீர்கள். கடை வாடகையே எனக்கு மூச்சு முட்டுகிறது.

பழகுபவருக்கு உதவித்தொகை தரும் மத்திய அரசுத் திட்டம் 2016 முதல் இருக்கிறது. தொழில்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டம் என்று பெயர். உதவித்தொகையில் கால்பங்கு, அதிகபட்சம் 1,500 ரூபாய் அரசு தரும் என்று அறிவித்தார்கள். முப்பது பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம். நான்கு பேர்கூட இல்லாத கடைக்கு இடமே இல்லை. சேலத்தில் வேலை எங்கே இருக்கிறது? செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையிலும் வீட்டுத் தறியிலும் என்னைப் போன்ற கடைகளிலும்தான்.

"இலவசம் கொடுத்தே சோம்பேறியாக்கிவிட்டார்கள்" என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, அதைப் படித்தால் எரிச்சல்தான் வருகிறது. தமிழகத்தில் நூறு நாள் வேலைக்குப் போனவர்களில் சுமார் 86 சதவீதம் பெண்கள். 2025 தொடக்கத்தில் 4,034 கோடி ரூபாய் நிலுவை என்று போராட்டம் நடந்தது. வேலை செய்துவிட்டுக் கூலிக்குக் காத்திருந்தவர்களா சோம்பேறிகள்?

அரசைத்தான் கேட்கிறேன். பயிற்சி மையத்துக்குத் தலைக்கு இவ்வளவு என்று செலவழிக்கிறீர்கள். அதில் ஒரு பங்கை, சான்றிதழ் வாங்கிய பிறகு பட்டறையில் பழகும் இரண்டு மாதத்துக்கு அவள் வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். கடைக்காரர்கள் பொய்க்கணக்கு எழுதுவார்கள் என்ற பயமா? வருகைப் பதிவேடு வைக்கிறேன். வாரம் ஒருமுறை யாராவது வந்து பார்க்கட்டும். டீ என் செலவு.