அவர் கையில் இருந்தது பிச்சைக் காசு இல்லை

நேற்று மாலையிலிருந்து இன்பாக்ஸ் முழுக்க அதே வீடியோதான். எகிப்தின் செங்கடல் ஓரத்துச் சுற்றுலா ஊரான ஹுர்காடாவுக்குப் போன நம் தமிழ் யூடியூபர் ஒருவர், ஹோட்டலைத் திட்டிவிட்டு, அங்கே வேலை செய்கிறவர் தன்னிடம் பிச்சை கேட்டார் என்று போட்ட வீடியோ. "அக்கா, நீங்களும் ஹுர்காடா போனீங்களே, அங்க இப்படித்தான் கையேந்துவாங்களா?" என்று ஒரு கேள்வி, பின்னாலேயே வரிசையாகச் சிரிப்பு எமோஜி. யார் போட்ட வீடியோ என்று நான் சொல்லத் தேவையில்லை, எல்லோரும் பார்த்தாயிற்று. லிங்க் கொடுத்து வியூஸ் ஏற்றிவிடுகிற உத்தேசமும் எனக்கு இல்லை.

கடற்கரையில் துண்டு கொடுக்கிற அந்த மனிதர் நம் ஆளிடம் பிச்சை கேட்கவில்லை. நன்றாகப் பாருங்கள். கையைக் குவித்து நீட்டுகிறார், அந்தக் கைக்குள் ஏற்கெனவே காசு இருக்கிறது. ஒரு யூரோவும் இரண்டு யூரோவுமாக நாணயங்கள். பிச்சை கேட்கிறவர் கை நிறையக் காசை வைத்துக்கொண்டா நீட்டுவார்? "ட்வென்டி, பேப்பர், பேப்பர்" என்கிறார். இந்தச் சில்லறையை வாங்கிக்கொண்டு இருபது யூரோ நோட்டாகத் தர முடியுமா என்று கேட்கிறார். அவ்வளவுதான் விஷயம்.

எகிப்தில் வங்கியோ பணம் மாற்றுகிற கடையோ வெளிநாட்டு நாணயத்தை வாங்காது. நோட்டு மட்டும்தான். ஐரோப்பாவிலிருந்து வருகிறவர்கள் பர்ஸின் அடியில் கிடக்கிற சில்லறையைப் பெருந்தன்மையாக டிப்ஸ் என்று கொடுத்துவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். அது அங்கே செல்லாது. ஊருக்குத் திரும்பப் போகிற இன்னொரு விருந்தாளியைப் பிடித்து நோட்டாக மாற்றினால்தான் உண்டு. செங்கடல் ஓரத்து ஹோட்டல்களில் இது தினமும் நடக்கிற காரியம். பக்கத்து சாய்வு நாற்காலியில் படுத்திருந்த ஜெர்மன்காரரைக் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார். நம் ஆள் கேட்கவில்லை. காமெராவை அந்த மனிதரின் முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், "மக்களே பாருங்க, ஃபைவ் ஸ்டார்ல பிச்சை" என்றார். தமிழ் புரியாத அந்த மனிதர், தன்னை ஊருக்கு அறிமுகம் செய்கிறார்கள் என்று நினைத்தாரோ என்னவோ, காமெராவைப் பார்த்துச் சிரிக்கிறார். அந்தச் சிரிப்புக்கு மேல் ஒரு கோமாளி மியூசிக்.

நான்கு லட்சம் பேர் பார்த்திருக்கிறார்கள். முகத்தை மறைக்கக்கூட இல்லை.

சரி, ஹோட்டலைப் பற்றி வீடியோக்காரர் சொன்னதெல்லாம் பொய்யா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் உண்மைதான். நாங்களும் குடும்பமாக அதே மாதிரி மலிவு ஹோட்டலில்தான் தங்கினோம். வேறு ஹோட்டல், அதே கதை. குழாய்த் தண்ணீர் உப்பு. ஏசிக்குக் கீழே ஒரு வாளி வைத்திருந்தார்கள், இரவெல்லாம் சொட்டு விழுகிற சத்தம். ஜூஸ் மெஷினில் வருவது ஜூஸ் இல்லை, கலர் தண்ணீர். முதல் நாள் சிவப்புச் சாற்றில் மிதந்த கோழி மறுநாள் வெள்ளைச் சாற்றில் மிதந்தது. காலை ஆறு மணிக்கே எல்லா நாற்காலியிலும் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிடுவார்கள், ஆளை மட்டும் பதினோரு மணி வரை காண முடியாது. பையனுக்கு வயிறு கெட்டு, ஹோட்டல் டாக்டர் தீட்டிய பில்லைப் பார்த்து எனக்கும் வயிறு கலங்கியது.

உருப்படியாக இருந்தவை இரண்டு. ஒன்று, காலையில் ஓரமாக ஒரு பானையில் வைத்திருந்த ஃபூல். அவித்து மசித்த, நம் மொச்சை மாதிரியான ஒரு பயறு, மேலே எண்ணெயும் சீரகமும் எலுமிச்சையும். கேக் தட்டுகளுக்கு முன்னால் கூட்டம் முண்டியடிக்கும், இந்தப் பானைக்கு முன்னால் ஈ காக்கா இருக்காது. இன்னொன்று கடல். பவளப்பாறையை மிதிக்கக் கூடாது என்பதால் நீளமாக ஒரு மரப்பாலம் போட்டிருப்பார்கள். அதன் முனைக்குப் போய் இறங்கி முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தால் போதும், கட்டின காசு அந்த நிமிடமே வசூல்.

எவ்வளவு காசு கட்டினோம் என்பதையும் சொல்ல வேண்டுமல்லவா? வீடியோக்காரர் அதை மட்டும் வசதியாக விட்டுவிட்டார். சீசன் இல்லாத நாட்களில் ஜெர்மனியிலிருந்து போக வர விமானம், ஒரு வாரம் அறை, மூன்று வேளைச் சாப்பாடு, பீர் வரைக்கும் சேர்த்து ஆளுக்கு 500 யூரோவுக்குள் கிடைக்கும். நாலரை மணி நேர விமானப் பயணம், எரிபொருள், ஏஜென்சி கமிஷன் எல்லாம் அதற்குள் அடக்கம். மிச்சத்தில்தான் ஹோட்டல் நடக்கிறது. ஐந்து நட்சத்திரமா என்றால் அது எகிப்து கொடுக்கிற நட்சத்திரம். நான் இருக்கிற ஜெர்மனியில் ஏஜென்சிக்காரர்களே 'அந்த நாட்டு வகைப்பாடு' என்று ஓரமாகப் போட்டிருப்பார்கள், விவரம் தெரிந்தவர்கள் மனதுக்குள் ஒன்றைக் கழித்துக்கொண்டுதான் புக் செய்வார்கள். இந்த விலைக்கு இது எப்படிக் கட்டுப்படியாகிறது என்று உங்களுக்குத் தோன்றவே இல்லையா? அந்தத் துண்டுக்காரரின் சம்பளத்தில்தான் கட்டுப்படியாகிறது.

எகிப்தில் தனியார் வேலைக்கு 2025 மார்ச்சில் அமலுக்கு வந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 7000 எகிப்திய பவுண்டு. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கும். 2016 நவம்பருக்கு முன்பு ஒரு டாலர் 9 பவுண்டுக்குள் இருந்தது. அந்த மாதம் பவுண்டின் மதிப்பைச் சந்தையே தீர்மானிக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள், ஒரேயடியாகப் பாதியாகச் சரிந்தது. 2024 மார்ச்சில் இன்னொரு முறை, ஒரே நாளில் 31இலிருந்து 50 பக்கம் போய் நின்றது. 2025 கணக்கில் அந்த 7000 என்பது சுமார் 140 டாலர். இப்போது அந்த இருபது யூரோ நோட்டை நினைத்துப் பாருங்கள், ஆயிரம் பவுண்டுக்கு மேல். யார் யாரிடமோ வாங்கிச் சேர்த்துவைத்த சில்லறையை நோட்டாக்கிக்கொள்ள நம் ஆளிடம் வந்திருக்கிறார் அந்த மனிதர். நம் ஆள் கொடுக்க வேண்டியது சல்லிக்காசுகூட இல்லை. இருபது கொடுத்து இருபது வாங்கப் போகிறார். அதற்குத்தான் அந்த கோமாளி மியூசிக்.

எங்கள் அறையைச் சுத்தம் செய்தவர் சோஹாக் பக்கத்துக்காரர், நைல் ஓரம். இந்த ஹோட்டல்களில் வேலை செய்கிறவர்கள் பெரும்பாலும் அப்படி மேல் எகிப்திலிருந்து, அதாவது நாட்டின் தெற்குப் பகுதியிலிருந்து வருகிறவர்கள்தான். ஹோட்டலுக்குப் பின்னாலேயே ஸ்டாஃப் குடியிருப்பு, பல நாள் சேர்ந்தாற்போல் வேலை, அப்புறம் பஸ் பிடித்து ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வருவது. முதல் நாள் கதவைத் தட்டி, என்னைப் பார்த்ததும் "இந்தியா? அமிதாப் பச்சன்!" என்று நெஞ்சில் கை வைத்தார். என் மகன் ஜெர்மனியில் பிறந்தவன், "அது யாரும்மா?" என்றான். பாவம், அவருக்கு முகமே வாடிவிட்டது. மறுநாள் மதியம் அறைக்கு வந்தால், மகனின் கட்டிலுக்கு மேலே திரைச்சீலைக் கம்பியில் ஒரு குரங்கு தொங்குகிறது. குளியல் துண்டைச் சுருட்டி முடிச்சுப் போட்டுச் செய்த குரங்கு, அவனுடைய நீலக் கூலிங் கிளாஸைப் போட்டுக்கொண்டு. அதற்குப் பிறகு தினமும் கடலிலிருந்து அறைக்கு ஓடுவான், இன்றைக்கு என்ன மிருகம் என்று பார்க்க.

அவர் முன்பு ஷர்ம் அல் ஷேக்கில் இருந்தவராம், சினாய் தீபகற்பத்தில் இருக்கிற இன்னொரு கடற்கரைச் சுற்றுலா ஊர். 2015 அக்டோபர் 31 அன்று அங்கிருந்து செயின்ட் பீட்டர்ஸ்பர்க் கிளம்பிய ரஷ்ய விமானம் சினாய்க்கு மேலே வெடித்துச் சிதறியது, 224 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை. அத்தோடு ரஷ்யா விமானங்களை நிறுத்தியது. அந்தக் கடற்கரைகளுக்கு ரஷ்யர்கள் நேராகப் பறந்து வர 2021 ஆகஸ்ட் ஆகிவிட்டது. 2010இல் ஒன்றரைக் கோடியை நெருங்கிய எகிப்தின் சுற்றுலாப் பயணிகள் 2016இல் சுமார் 54 லட்சம். அவர் இருந்த ஹோட்டலைப் பூட்டிவிட்டார்கள், ஊருக்குப் போய்க் கரும்புக் காட்டில் வேலை பார்த்தேன் என்று பாதி ஆங்கிலம் பாதி சைகையில் சொன்னார். இப்போது கூட்டம் திரும்பிவிட்டது, 2024இல் ஒன்றரைக் கோடியையும் தாண்டிவிட்டார்கள். கூட்டத்தோடு சேர்ந்து நம் யூடியூபர்களும் வந்து இறங்கிவிட்டார்கள்.

அடுத்து என்ன வரும் என்று எனக்குத் தெரியும். "காசு கொடுத்துப் போனவன் குறை சொல்லக் கூடாதா?" தாராளமாகச் சொல்லுங்கள். நானும் சொன்னேன், அந்த ஏசி வாளியைப் போட்டோ எடுத்து, ஏஜென்சிக்கு நீளமாக மெயில் எழுதினேன். ஹோட்டலைக் கிழியுங்கள், ஏஜென்சியைக் கிழியுங்கள். துண்டு கொடுக்கிறவரின் முகத்தை விட்டுவிடுங்கள்.

"டிப்ஸ் தொல்லை தாங்க முடியவில்லை." உண்மைதான். ஏர்போர்ட் கழிவறையில் இரண்டு டிஷ்யூ பேப்பரைக் கிழித்துக் கையில் திணித்துவிட்டுக் காசு கேட்டவர் மேல் எனக்கும் எரிச்சல் வந்தது. கடைத்தெருவில் பின்னாலேயே வந்து கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுகிறவர்கள் மேல் எரிச்சல் மட்டும் இல்லை, ஒரு பெண்ணாகப் பயமும் வந்தது. அதையெல்லாம் வீடியோ போடுங்கள், நானே ஷேர் செய்கிறேன். இந்த மனிதர் அதில் எதைச் செய்தார்?

"முதலாளி ஒழுங்காகச் சம்பளம் கொடுக்கட்டும், நான் ஏன் கொடுக்க வேண்டும்?" கொடுக்கட்டும். யார் வேண்டாம் என்றது? அது வரைக்கும் அவரை வைத்து நீங்கள் காமெடி செய்யலாமா?

"அவர்கள் நம்மை மட்டமாகத்தானே நடத்துகிறார்கள், வெள்ளைக்காரனுக்கு ஒரு மாதிரி, நமக்கு ஒரு மாதிரி." இதற்கு எனக்குச் சட்டென்று பதில் வராது. எங்களுக்கும் நடந்தது. எங்களோடு ஒரே பஸ்ஸில் வந்து இறங்கிய ஜெர்மன் தம்பதிக்கு அதே பேக்கேஜில் கடல் பக்கம் அறை. எங்களுக்கு ஜெனரேட்டர் பக்கம். கேட்டதற்கு "ஃபுல், மேடம், ஃபுல்" என்றார்கள், என் கணவர் ஜெர்மன் மொழியில் குரலை உயர்த்திய பிறகு ஒரு சாவி எங்கிருந்தோ முளைத்தது. இன்னும் எனக்கு அது ஆறவில்லை. ஆனால் அதைச் செய்தவர் ரிசப்ஷனில் டை கட்டி நின்றவர். அவரைப் படம் பிடிக்க நம் ஆட்களுக்குத் தைரியம் வராது, அங்கே குழைந்து "சார், சார்" என்போம். வெயிலில் துண்டு மடிக்கிறவர்தான் கிடைத்தார்.

"உங்களுக்கு என்னக்கா இவ்வளவு கோபம், யாரோ ஒரு எகிப்துக்காரன்" என்று நேற்று ஒரு தம்பி கேட்டான். சொல்கிறேன்.

இங்கே ஜெர்மனிக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தபோது நான் ஒரு ஹோட்டலில் மினிஜாப் என்கிற பகுதி நேர வேலை பார்த்தேன். அறை சுத்தம் செய்கிற வேலை. அதில் மாதம் 450 யூரோ வரைதான் சம்பாதிக்கலாம் என்று சட்டம் இருந்த காலம். குளியலறைக் குழாயில் தண்ணீர்ப் புள்ளி தெரிந்தால் சூப்பர்வைசர் திரும்பத் துடைக்க விடுவார், மெத்தை உறை மாட்டி மாட்டி விரல் நகம் கிழிந்திருக்கும். ஒரு காலை வராந்தாவில் தள்ளுவண்டியோடு நின்றேன். அறையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. அப்பா, அம்மா, வயசுப் பெண். தமிழில் பேசிக்கொண்டு வந்தார்கள். இந்த நாட்டுக்கு வந்து மாதக்கணக்கில் தமிழ்க் குரலை நேரில் கேட்காத எனக்கு மனசு துள்ளியது. அந்த அம்மா என்னைப் பார்த்து, "நம்ம ஊர்ப் பொண்ணு மாதிரி இருக்குங்க, பேசிப் பார்ப்போமா?" என்றார். அப்பா நடையை நிறுத்தாமலே சொன்னார்: "வேண்டாம், வா. பேச்சுக் கொடுத்தா காசு கேட்கும்."

கேட்கும். கேட்பாள் என்றுகூட இல்லை.

நான் ஜெர்மன் மொழியில் "குட்டன் மோர்கன்" என்று காலை வணக்கம் சொல்லிவிட்டு வண்டியை ஓரம் தள்ளி வழிவிட்டேன். தமிழில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர்கள் முகம் எப்படிப் போயிருக்கும் என்று பல வருடம் யோசித்திருக்கிறேன். சொல்லவில்லை. அப்போது அவர்கள் கையில் இந்த மாதிரி காமெரா இல்லை, தப்பித்தேன். இருந்திருந்தால் "ஜெர்மனி போய் கக்கூஸ் கழுவும் தமிழ்ப் பெண்" என்று எனக்கும் ஒரு கோமாளி மியூசிக் போட்டிருப்பார்கள், என் அப்பா அதை ஊரில் உட்கார்ந்து பார்த்திருப்பார்.

அந்த வீடியோவுக்குக் கீழே சிரித்திருப்பவர்களில் பாதிப் பேர் எனக்குத் தெரிந்தவர்கள். இதே ஊரில் உணவகத்தில் தட்டுக் கழுவியவர்கள், விடிகாலையில் பேப்பர் போட்டவர்கள், கிடங்கில் பெட்டி தூக்கியவர்கள். போன பொங்கல் விழாவில் அந்த நாட்களைப் பற்றிப் பெருமையாக மைக் பிடித்துப் பேசினார்கள். நீங்கள் செய்தால் உழைப்பு, முன்னேற்றம், தன்னம்பிக்கை. அவர் செய்தால் பிச்சையா? எனக்குப் புரியவே இல்லை. இப்போது ஒரு கம்பெனி கார்டும் ஒரு ஜெர்மன் பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது, கையில் ஹோட்டல்காரர்கள் தருகிற கலர் பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு வாரம் ராஜா மாதிரி இருக்கலாம், யாரையாவது கீழே பார்த்தே ஆக வேண்டும். இதில் பயணக் கலாச்சாரமாம், உலகத்தைத் தெரிந்துகொள்வதாம்.

நான் மிகைப்படுத்துகிறேன் என்று சொல்வீர்கள். சொல்லிக்கொள்ளுங்கள். விருந்தாளிகளிடம் பணம் கேட்டு நச்சரித்ததாக மேலிடத்துக்குத் தெரிந்தால் இந்த மாதிரி ஹோட்டல்களில் என்ன செய்வார்கள் என்று ஒரு நிமிடம் யோசித்துவிட்டுச் சொல்லுங்கள். ஹோட்டல் பெயரைத்தான் வீடியோக்காரரே டேக் செய்து வைத்திருக்கிறாரே.

வீடியோ போட்ட தம்பிக்கு நேரடியாகவே மெசேஜ் அனுப்பினேன், அந்தப் பகுதியை மட்டுமாவது வெட்டிவிடுங்கள் என்று. பார்த்துவிட்டார், நீல டிக் விழுந்தது. பதில் இல்லை. ஆனால் அரை மணி நேரத்தில் அவர் ஸ்டோரியில் "சில அக்காக்களுக்கு எகிப்து மேல ஏன் இவ்ளோ பாசம்?" என்று ஒன்று வந்தது. நல்லது தம்பி.

அடுத்து அந்தப் பக்கம் போகிறவர்கள் ஐந்து யூரோ, பத்து யூரோ நோட்டாக எடுத்துப் போங்கள், நாணயம் வேண்டாம். யாராவது கையில் சில்லறையோடு வந்தால் வாங்கிக்கொண்டு நோட்டாகக் கொடுங்கள். நஷ்டம் ஒன்றும் இல்லை, ஏர்போர்ட்டில் திரும்பி வந்து இறங்கியதும் காபி மெஷினுக்கு உதவும்.

அப்புறம், "இவ்வளவு பேசுறீங்களே, நீங்க எவ்வளவு டிப்ஸ் கொடுத்தீங்க?" என்று கமெண்டில் கேட்கப் போகிறவர்களுக்கு: சொல்ல மாட்டேன். பிளாக் மட்டும் செய்வேன்.