கூட்டி உட்கார வைப்பதும் தெரபியும் ஒன்றல்ல

"வயசானவங்களுக்கு ஆக்குபேஷனல் தெரபி வீண் செலவு, நாலு பேரைச் சேர்த்து உட்கார வைத்துப் பேசவிட்டாலே அதே பலன்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தயவுசெய்து இதை நம்பி, அன்றாட வேலைகளைத் தாங்களே செய்யப் பழக்கும் அந்தச் சிகிச்சையை விட்டுவிடாதீர்கள். இதை நேராகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸில் ஆய்வாளர் ஃபுளோரன்ஸ் கிளார்க் குழுவினர், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஒன்பது மாதம் தெரபி. இன்னொன்றுக்கு சினிமா, விளையாட்டு, வெளியே போய்வருவது என்று கூடிப் பொழுதுபோக்கு. மூன்றாவதற்கு எதுவுமில்லை. 1997-ல் வந்த முடிவில், கூடிப் பொழுதுபோக்கியவர்கள் எதுவும் பெறாதவர்களைவிட மேலாக இல்லை. தெரபி பெற்றவர்களுக்கோ உடல்நலம், மனநலம், அன்றாட வாழ்க்கை எனப் பலவற்றில் பலன் தெரிந்தது. பிரிட்டனில் இதே பாணியில் நடந்து 2017-ல் வெளியான ஆய்வில் அப்படிப் பலன் தெரியவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதில் பொழுதுபோக்குக் குழுவோடு ஒப்பிடவே இல்லை.

என் அத்தை கோயிலுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். பேச ஆளில்லாமல் அல்ல, தெரு முழுக்கச் சொந்தம்தான். பஸ் படி உயரம், இறங்குவதற்குள் வண்டியை எடுத்துவிடுவார்களோ என்ற பயம். தெரபிஸ்ட் முதலில் வீட்டு வாசற்படியில் பழக்கினார்: ஏறும்போது நல்ல கால் முன்னால், இறங்கும்போது வலிக்கும் கால் முன்னால். பிறகு கூட்டமில்லாத நேரத்து பஸ்ஸில் இரண்டு தடவை கூடவே போனார். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அத்தை தனியாகவே போய்வருகிறார்.