சோடாவால் மந்தம் போகாது
கடலூர் முதுநகரில் வஞ்சிர வறுவலும் பரோட்டாவும் ஒரு பிடி பிடித்துவிட்டு வயிறு மந்தமானால், சோடா குடித்தால் செரித்துவிடும் என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. ஏப்பம் வரும், அவ்வளவுதான். மந்தத்துக்குக் காரணம் எண்ணெய். கொழுப்பு முன்சிறுகுடலைத் தொட்டதும் அங்குள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. அது மூளையையும் வயிற்றையும் இணைக்கும் வேகஸ் நரம்பைத் தூண்டி இரைப்பையின் மேல்பகுதியைத் தளர்த்தும். இரைப்பையின் கீழ்வாய் இறுகும்; உணவு குடலுக்குள் மெதுவாகத்தான் இறங்கும். பித்தப்பை சுருங்கிப் பித்தநீர் இறங்கும், கணையத்திலிருந்து நொதிகள் வரும். கொழுப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கத்தான் இந்தத் தாமதம். இட்லியைவிட வறுவல் இரைப்பையில் அதிக நேரம் தங்குவது கோளாறே இல்லை.

பித்தப்பையில் கல் இருப்பவர் கதை வேறு. அதே ஹார்மோன் பித்தப்பையைச் சுருக்கும்போது கல் பித்தநீர் வரும் வழியை அடைக்கலாம்; அப்போது வலது விலாவுக்குக் கீழே வலி பிடித்து அரை மணிக்கு மேல் நீடிக்கும். அதை 'வாயு' என்று சோடாவில் தள்ளிப்போடாதீர்கள், ஸ்கேன் எடுங்கள்.

அந்தக் கட்டுரை தொடாத இன்னொன்று: பல வருட சர்க்கரை நோயில் வேகஸ் நரம்பு கெட்டால் இரைப்பை காலியாகத் தாமதமாகும். சாப்பாட்டுக்கு முன் போட்ட இன்சுலின் முந்திக்கொள்வதால் சர்க்கரை முதலில் தாழும், பிறகு எகிறும். நாலு வாயிலேயே வயிறு நிறைந்தாலோ, மதியம் சாப்பிட்டது ராத்திரி வாந்தியில் அப்படியே வந்தாலோ, டோஸை நீங்களே மாற்றாமல் டாக்டரிடம் இதைச் சொல்லுங்கள்.