மூக்கும் முழியும்

போன ஞாயிறு பழைய வண்ணாரப்பேட்டையில் தம்பிக்குப் பெண் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோவில் திரும்பும்போது சித்தி சொன்னார், "பொண்ணு மூக்கும் முழியுமாதான் இருக்கா, கலர்தான் கொஞ்சம் கம்மி." சித்தியும் என் கலர்தான். தம்பி எங்கள் இருவரையும்விட ஒரு படி கூட, காசிமேட்டு வெயிலில் பந்தாடி வளர்ந்தவன் வேறு எப்படி இருப்பான்?

இந்த மூக்கை வைத்து ஒரு காலத்தில் விஞ்ஞானமே நடந்திருக்கிறது. மூக்கின் அகலத்தை நூறால் பெருக்கி உயரத்தால் வகுத்தால் ஒரு எண் வரும்; அந்த எண் குறையக் குறைய சாதி உசத்தி என்று எழுதியே வைத்தார் ஹெர்பர்ட் ரிஸ்லி, 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர். நம்ம எழும்பூர் மியூசியத்தில் 1885 முதல் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டனும் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு மூக்கு, தலை என்று அளந்து தள்ளினார். பள்ளியில் கூட்டிப்போய் திமிங்கில எலும்புக்கூட்டைக் காட்டினார்கள், இதை யாரும் சொல்லவில்லை.

அதற்கும் முன்னால், 1795இல், ஜெர்மனியின் உடற்கூறு அறிஞர் புளூமென்பாக் மனிதர்களை ஐந்தாகப் பிரித்து வெள்ளையருக்குக் 'காக்கேசியன்' என்று பெயர் வைத்தார். காரணம்? ஜார்ஜியாவிலிருந்து வந்த ஒரு பெண்ணின் மண்டையோடு அவர் கண்ணுக்கு அவ்வளவு அழகாக இருந்ததாம்! இதுவும் பெண் பார்த்த கதைதான். (ஆப்பிரிக்கர் அறிவில் குறைந்தவர்கள் என்ற பேச்சை அவரே மறுத்தார், அதையும் சொல்ல வேண்டும். அந்த ஐந்தை ஏணியாக்கி ஏறியவர்கள் பின்னால் வந்தவர்கள்.) 1972இல் அமெரிக்க மரபியல் அறிஞர் லெவான்டின் கணக்குப் போட்டுப் பார்த்தார்: மனிதர்களுக்குள் இருக்கும் மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒரே மக்கள் கூட்டத்துக்குள்ளேயே இருக்கிறது, இனத்துக்கு இனம் என்று பார்த்தால் 6 சதவீதச் சொச்சம்தான்.

சரி, வெள்ளைக்காரனைத் திட்டிவிட்டுப் போய்விடலாம். கோட்டைக்குள் தனக்கொரு ஊர், வெளியே நமக்கு 'பிளாக் டவுன்' என்று பெயர் வைத்தவன்தானே. 1911இல்தான் அது மன்னர் பெயரில் ஜார்ஜ் டவுன் ஆனது, எங்கள் ராயபுரத்திலிருந்து பொடிநடை தூரம். ஆனால் அவன் வருவதற்கு எத்தனையோ காலம் முன்பே எந்தக் கருவியும் இல்லாமல் மனிதரை மேல், கீழ் என்று அடுக்கி வைத்திருந்தோமே, அது யார் வேலை? அவன் அதற்கு அளவு எடுத்துக் கொடுத்தான், நாம் அதைக் கல்யாணப் பேச்சு வரைக்கும் பத்திரமாக வைத்திருக்கிறோம்.

இதையெல்லாம் ஆட்டோவிலேயே சித்தியிடம் சொன்னேன். "நீ படிச்சவன், உனக்கென்னப்பா" என்றார்.

தம்பிக்குப் பெண்ணைப் பிடித்திருக்கிறது. பெண்ணுக்கு இவனைப் பிடித்திருக்கிறதா என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. வீட்டு வாட்ஸப் குரூப்பில் அந்தப் பெண்ணின் போட்டோ போயிருக்கிறது, பெரிய மாமா கேட்டிருக்கிறார்: "இது லைட் போட்டு எடுத்ததா?"