குக்கரைப் பெட்டியில் திணிக்காதீங்க

கீழக்கரையிலிருந்து அமெரிக்காவுக்குப் படிக்கப் போகிற பிள்ளையின் பெட்டியில் ரைஸ் குக்கரைத் திணிக்கிற பழக்கத்தை யார் ஆரம்பித்தார்களோ! நம்ம ஊர்க் கரண்ட் 230 வோல்ட், அங்கே 120. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்டேஜை இல்லை. 700 வாட் குக்கர் அங்கே 190 வாட்டில் முக்கும். அரிசி வேகாது, ஊறும். ரெண்டு கிலோ லக்கேஜ் தண்டம்.

அந்த இடத்தில் நெத்திலிக் கருவாடு வைக்கலாம். ஏர்போர்ட் சுங்கத்தில் வாயைத் திறந்து சொல்லிடணும், மறைத்தால் அபராதம். பொரித்தாலோ புகை அலாரம் ஊரைக் கூட்டும். சுடுதண்ணியில் பத்து நிமிஷம் ஊறவைத்து, உப்பை அலசி, கொதிக்கிற புளிக்குழம்பில் போட்டு மூடிடுங்க. வாடை? அது ஜன்னலைத் திறந்தாலும் போகாது.