கொழும்பில் பைக் கிலோமீற்றரில் பழசாவதில்லை

ஞாயிறு காலை ஒன்பது மணிபோல எங்கள் பிளாட்டின் கீழே, தண்ணீர் மோட்டர் அறைக்குப் பக்கத்தில், நாலு பேர் குந்தியிருந்து சத்தம்போட்டுக் கதைப்பதைப் பார்த்தால் ஏதோ காணிப் பிரச்சினை என்றுதான் நினைப்பீர்கள். பைக் கதைதான். மூன்றாம் மாடி அண்ணரிடம் பழைய ஸ்பிளெண்டர், பக்கத்து லேனில் இருந்து வரும் நானாவிடம் பல்சர், சாப்பாடு டெலிவரி செய்யும் தம்பியிடம் டியோ ஸ்கூட்டர், என்னிடம் 2016இல் வாங்கிய சிடி 100. போன கிழமைத் தகராறு, எஞ்சின் ஒயிலை எத்தனை கிலோமீற்றருக்கு ஒருக்கால் மாற்றுவது என்பது. அண்ணர் மூவாயிரம் என்றார். நானா ஐயாயிரத்துக்கு ஒரு கிலோமீற்றர் குறைய விடமாட்டேன் என்று நின்றார். தம்பி கையிலிருந்த பனிஸைக் கடித்துக்கொண்டு, "நான் மாசக் கணக்கில மாத்துறேன் அண்ணா, மீற்றரைப் பார்க்கிறதே இல்ல" என்றான். மற்ற இருவரும் சிரித்தார்கள். எனக்கென்னவோ தம்பி சொன்னதுதான் சரி என்று படுகிறது. ஏன் என்று கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், அவசர வேலை இருப்பவர்கள் இப்போதே போய்விடலாம்.

எனக்கு வீடு வெள்ளவத்தை, வேலை மருதானை. எட்டுக் கிலோமீற்றர் சொச்சம். பள்ளிக்கூடம் நடக்கும் நாட்களில் அரை மணித்தியாலத்துக்குக் குறைந்து நான் போனதே இல்லை, பின்னேரம் மழையும் சேர்ந்தால் நாற்பது நிமிடத்தைத் தாண்டும். சரி, சராசரி மணிக்கு 15 கிலோமீற்றர் என்று வையுங்கள். அந்த வேகத்தில் 3,000 கிலோமீற்றர் ஓட என் எஞ்சின் 200 மணித்தியாலம் சுற்ற வேண்டும். அதே 3,000ஐ வவுனியாப் பக்கம் ஏ9 வீதியில் மணிக்கு 45இல் ஓடுகிறவரின் எஞ்சின் 67 மணித்தியாலத்தில் முடித்துவிடும். மீற்றரில் இரண்டு பேருக்கும் ஒரே எண்தான், ஆனால் என் ஒயில் மூன்று மடங்கு நேரம் வெந்திருக்கிறது. அதுவும் எப்படி, ஓடும்போது படுகிற காற்றில் குளிரவேண்டிய எஞ்சின், கொழும்பு-காலி வீதியில் பஸ்ஸின் புகைக்குழாய்க்குப் பின்னால் காற்றே இல்லாமல் நின்றுகொண்டு. கிளட்சும் அப்படித்தான். பம்பலப்பிட்டிக்கும் கொள்ளுப்பிட்டிக்கும் இடையில் ஒரு நாளைக்கு எத்தனை தரம் பாதிக் கிளட்சில் பிடித்துக்கொண்டு ஊர்கிறோம் என்று யாராவது எண்ணிப் பார்த்திருக்கிறீர்களா? நான் எண்ணத் தொடங்கி, பாதி வழியில் விட்டுவிட்டேன்.

ஆகவே நான் 2,000க்கு ஒருக்கால் அல்லது நாலு மாதத்துக்கு ஒருக்கால், எது முந்துகிறதோ அப்போது மாற்றுகிறேன். ஒரு லீற்றர்க் கேன், ஒரு ஸ்பேனர், ஒரு பழைய பேசின், இருபது நிமிடம். எஞ்சின் லேசாகச் சூடாக இருக்கும்போது இறக்கினால் அடியில் நிற்கும் கசடும் சேர்ந்து வரும். வடியும் ஒயில் பிளேன்டீ மாதிரிக் கறுத்திருந்தால் பயப்பட ஒன்றுமில்லை. பால் தேத்தண்ணி நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது, அதற்குப் பிறகு ஸ்டார்ட் பண்ணாமல் நேரே பாஸிடம், அதாவது மெக்கானிக்கிடம், தள்ளிக்கொண்டு போவதே புத்தி. ஒரு பெருமழை நாளில் முழங்கால் தண்ணீருக்குள்ளால் ஓட்டிக்கொண்டு வந்த தம்பி இதை அப்படித்தான் படித்தான் (அவனுடைய டியோவில் பெல்ட்டும் நனைந்து, எஞ்சின் கத்துகிறது, வண்டி நகரவில்லை). இறக்கிய பழைய ஒயிலை தயவுசெய்து கானில் ஊற்றாதீர்கள். கான் கால்வாய்க்குப் போகிறது, கால்வாய் கடலுக்குப் போகிறது, அந்தக் கடல் மீனைத்தான் வெள்ளிக்கிழமை தவிர மற்ற நாளெல்லாம் சாப்பிடுகிறோம். நான் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுத்துவிடுவேன், அவர்கள் பீப்பாயில் சேர்த்து வைக்கிறார்கள்.

இனிக் கடல். மெரைன் டிரைவ் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, தென்மேல் பருவக் காற்று மே மாதம் தொடங்கினால் கண்ணாடி ஜன்னலில் உப்புப் படிகிறது, பைக்கில் படியாதா? ஸ்போக், ரிம், சைலன்சர் வளைவு, நட்டுகள், எல்லாம் துருவேறும். ஓடாத வண்டியும் துருவேறும், அதுதான் கொடுமை. அண்ணரின் ஸ்பிளெண்டர் கொரோனாக் காலத்தில் ஓடாமலே பத்து வயது கூடிப்போனது. நனைந்த வண்டிக்கு மேல் பிளாஸ்டிக் உறையை இழுத்து மூடுகிற பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கிற வேலை அது. நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, காயவிட்டு, நட்டுகளிலும் ஸ்போக் முனைகளிலும் ஒயில் துணியால் ஒரு தடவு, பிறகு மூடுங்கள். பிரேக் பக்கம் மட்டும் ஒயில் துணி போகக்கூடாது.

நானே ஸ்பேனர் பிடிக்கத் தொடங்கியதற்குக் காரணம் கோபம். இரண்டு வருடத்துக்கு முதல் ஒரு சேர்விஸ் இடத்தில் வண்டியை விட்டேன். பளபளவென்று கொடுத்தார்கள், செயின் சத்தமே இல்லை, எனக்கோ பெரிய சந்தோஷம். சத்தம் ஏன் இல்லையென்றால் செயினை வீணைத் தந்தி மாதிரி முறுக்கிவைத்திருந்தார்கள். ஆள் ஏறி உட்கார்ந்து, பின்னால் இன்னொருவரும் ஏறினால் செயின் இன்னும் இறுகும், அந்த இழுவை முழுவதும் பின்சில்லுப் பேரிங்கிலும் எஞ்சின் பக்கத்துப் பேரிங்கிலும்தான் விழும். போதாததற்கு அழுத்தத் தண்ணீர்க் குழாயை நேரே சில்லு நடுவில் பிடித்து அடித்திருக்கிறார்கள், கிரீஸ் வெளியே, தண்ணீர் உள்ளே. இரண்டு மாதத்தில் பின்சில்லு ஆடத் தொடங்கியது. திரும்பப் போய்க் கேட்டால், "ரோட்டு சரியில்ல சேர்" என்றார்கள். ரோட்டு!

அந்தப் பேரிங் வாங்க, உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தைக்குப் போனதில் ஒரு விஷயம் படித்தேன். கடைக்காரர்கள் "ஒரிஜினலா, சைனாவா" என்று கேட்டே தலையைச் சுற்றவைப்பார்கள். பேரிங்கின் விளிம்பில் ஒரு இலக்கம் அடித்திருக்கும், அதை எழுதிக்கொண்டு போங்கள். 6202 என்றால் உள்விட்டம் 15 மில்லிமீற்றர், வெளிவிட்டம் 35, அகலம் 11, உலகத்தில் எந்தக் கம்பெனி செய்தாலும் அளவு இதுதான். பைக் பெயரைச் சொன்னால் ஒரு விலை, இலக்கத்தைச் சொன்னால் வேறு விலை. நல்ல கம்பெனிப் பேரிங்கை, பைக் கம்பெனிப் பெட்டி இல்லாமல், குறைந்த காசுக்கு வாங்கிக்கொண்டு வந்தேன்.

இப்போது செயினை நானே பார்க்கிறேன். நடு ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சில்லை மெல்லச் சுற்றி, எந்த இடத்தில் செயின் மிக இறுக்கமோ அந்த இடத்தில், கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலால் தூக்கிப் பார்ப்பேன். 20இலிருந்து 30 மில்லிமீற்றர் ஆடவேண்டும், பெருவிரல் அகலத்துக்குக் கொஞ்சம் கூட என்று வையுங்கள். சரிசெய்யும்போது இரண்டு பக்கத்துக் கோடும் ஒரே எண்ணிக்கையில் நிற்கவேண்டும், இல்லாவிட்டால் சில்லு சரிந்து நிற்கும். மண்ணெண்ணெய், பழைய பல்துலக்கும் பிரஷ், பிறகு 90ஆம் நம்பர் கியர் ஒயில். கழற்றிய எஞ்சின் ஒயிலைச் செயினுக்குப் பூசுகிற கெட்டிக்காரர்கள் எங்கள் கூட்டத்திலும் இருக்கிறார்கள், பெயர் சொல்லமாட்டேன், அவர் மூன்றாம் மாடியில் இருக்கிறார். அதற்குள் எஞ்சின் தேய்ந்த இரும்புத்தூள் இருக்கிறதண்ணே, அதைப் போய்த் திரும்பச் செயினுக்குள் விடுவதா என்றால், "எங்கட அப்பாவும் இதுதான் செய்தவர்" என்பார். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

வால்வு இடைவெளி, எஞ்சினைத் திறக்கிற வேலை எதுவும் நான் தொடமாட்டேன். டிரம் பிரேக்கின் நட்டைத் திருகுவது சரி, டிஸ்க் பிரேக் ஒயில் வேறு விளையாட்டு. நானா ஒருநாள் தானே மாற்றி, குழாய்க்குள் காற்றுப் போய், லீவரைப் பிடித்தால் பஞ்சு மாதிரி அமுங்கியது. நல்லவேளை, லேன் முனையிலேயே கண்டுபிடித்தார். அந்த ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் சாமான், கொழும்பில் ஈரத்துக்கா பஞ்சம்? இரண்டு வருடத்துக்கு ஒருக்கால் பாஸிடம் கொடுத்து மாற்றுங்கள்.

டயர் காற்றின் அருமை எனக்கு 2022இல்தான் விளங்கியது. ஜூலையில் பெற்றோல் பங்கீட்டுக்குக் கியூஆர் வந்தபோது பைக்குக்குக் கிழமைக்கு 4 லீற்றர், அதை வைத்து வேலைக்கும் போய், அம்மாவைக் கிளினிக்குக்கும் கூட்டிப்போகவேண்டும். அதுவரைக்கும் காற்று என்பது டயர் தட்டையானால் அடிக்கிற ஒன்று. அப்போதுதான் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவைக் குனிந்து வாசித்தேன். என்னுடையதில் முன்னுக்கு 25, பின்னுக்குத் தனியாள் என்றால் 28, இரண்டு பேர் என்றால் 32. கிழமைக்கு ஒருக்கால் பார்க்கத் தொடங்கியதும் தள்ளும்போதே வித்தியாசம் கைக்குத் தெரிந்தது. 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் எங்களைப் போன்றவர்களுக்குத் திரும்பத் திறந்தது, அதற்குள் பழைய பைக்கை விற்றுப் புதிது வாங்கும் யோசனையே விட்டுப்போயிற்று. இப்போது ஷோரூமில் விலையைக் கேட்டுவிட்டு வந்து, என் சிடிக்கு ஒரு புதுச் சீற் கவர் போட்டேன்.

ஓட்டத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை தொடங்கும்போது முதல் பத்து நிமிடம்தான் ஆபத்து, ரோட்டில் படிந்த ஒயிலும் தூசியும் மிதக்கும் நேரம் அது. ரோட்டில் பெயின்ட் அடித்த கோட்டிலும் இரும்பு மூடியிலும் முன் பிரேக் பிடித்தால் படுத்துவிடுவீர்கள். தம்பி இந்தப் பத்து நிமிடமும் எங்காவது கடை ஓரம் நின்றுவிடுவான். ஓடர் தாமதம் என்று திட்டு வாங்குவான், வாங்கட்டும்.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போதே லிஃப்ட்டுக்குள் பிளாட் கொமிட்டியின் புது அறிவித்தல் ஒட்டியாயிற்று, வாகனத் தரிப்பிடத்தில் பைக் கழுவக்கூடாதாம். நேற்று இரவு அண்ணர் போய்க் கதைத்து, ஆளுக்கு ஒரு வாளித் தண்ணீர், பத்தரை மணிக்கு முதல் முடிக்கவேண்டும், நிலத்தில் ஒயில் சொட்டக்கூடாது என்ற அளவுக்கு இறக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஒயில் சொட்டுவது அவருடைய ஸ்பிளெண்டர் மட்டும்தான். வருகிற ஞாயிறு முதல் வேலை அதுதான், யாரிடமாவது பெரிய கார்ட்போட் பெட்டி இருந்தால் தாருங்கள், கீழே விரிக்க.